கோசோங் என்று ஒரு சொல்

மலை ஏற ஏற, என் மடியிலிருந்த ஆர்மோனியம் ஒவ்வொரு வளைவிலும் முனகியது. துருத்தியின் கொக்கி கழன்றிருக்க வேண்டும். பாதுகாப்புக்காக நான் திணித்திருந்த துணி இரண்டு கட்டைகளை அமுக்கிக்கொண்டிருந்தது. பஸ் திரும்பும்போதெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு. திறந்து சரிசெய்திருக்கலாம். ஆனால் அத்தனை பேர் பார்க்க, ஓடும் பஸ்ஸில் பெட்டியைத் திறக்கும் துணிச்சல் எனக்கில்லை.

பக்கத்து இருக்கையில் ஒரு சீன அம்மா. உள்ளே பூனை இருக்கிறதா என்று சைகையில் கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் கைப்பையிலிருந்து உப்பும் புளிப்புமான காய்ந்த பழம் இரண்டை எடுத்தார். மலையேற்றத்தில் குமட்டலுக்கு நல்லது போலிருக்கிறது. ஒன்றை என் கையில் வைத்தார். இன்னொன்றைப் பெட்டியின் மேல் வைத்தார்.

நான் அருப்புக்கோட்டையில் ஆர்மோனியம் பழுது பார்க்கிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு ரீடு சுரண்டவும் துருத்தி ஒட்டவும் கற்றுக்கொண்டேன். சனிக்கிழமைகளில் கடைவீதிப் பஜனை மடத்தில் பாகவதருக்கு வாசிப்பேன். என் தங்கை வசந்தாவைப் பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தோம். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஆர்மோனியம் வேண்டுமென்று அவள் போனில் சொன்னபோது, பார்சல் அனுப்புகிறேன் என்றேன். “பார்சல்ல நீயும் சேந்து வாண்ணே. என் வீட்ட நீ எப்பப் பாக்குறது?” என்றாள். அதனால் வந்தேன்.

ரிங்லெட்டில் பஸ் நின்றது. முன்பக்கமிருந்து ஆவி வந்தது. ஓட்டுநர் மலாயில் ஏதோ அறிவித்தார். பின்னாலிருந்த ஒரு தமிழ்ப் பெண், காலேஜ் பிள்ளை போல, எனக்கு மொழிபெயர்த்தாள். “எஞ்சின் சூடாயிடுச்சாம் அங்கிள். ஒரு மணி நேரமாகுமாம். அவரு ஒரு மணி நேரம்னா ரெண்டு மணி நேரம்னு அர்த்தம்.”

எதிரே ரொட்டிக்கடை. பசி. கடைக்காரர் தமிழ் முஸ்லிம். “பசியாறிட்டீங்களா? உக்காருங்க. ரொட்டி தெலோரா, பாவாங்கா, கோசோங்கா?” என்று ஒரே மூச்சில் கேட்டார். எது என்னவென்று கேட்க எனக்குக் கூச்சம். கடைசியாகச் சொன்னது கம்பீரமாக இருந்ததால், “கோசோங்” என்றேன்.

பரோட்டா மாதிரி ஒன்று வந்தது. மெல்லியதாக, முறுமுறுவென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெயருக்கேற்ற எதையும் உள்ளே காணோம். நான் பிரித்துப் பிரித்துத் தேடுவதைக் கடைக்காரர் பார்த்துவிட்டார்.

“என்ன தேடுறீங்க?”

“உள்ள எதுவும் இல்லையே.”

“கோசோங்னா காலிதாண்ணே! முட்ட வெச்சா தெலோர், வெங்காயம் வெச்சா பாவாங், ஒன்னும் வெக்காட்டி கோசோங்.” பக்கத்து மேசைக்காரரின் கண்ணாடி டம்ளரைக் காட்டினார். “அந்தா, அவருக்குச் சீனி வியாதி. தே ஓ கோசோங். சீனி இல்லாத வரட்டீ.”

கேட்டு வாங்கிய ஒன்றும் இல்லாததைச் சாப்பிட்டு முடித்தேன். அந்தச் சொல் மனதில் தங்கியது. ரொட்டியென்றால் உள்ளே ஒன்றுமில்லை, தேநீர் என்றால் சீனி இல்லை. அவ்வளவுதான் அதன் அர்த்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் கிளம்பவில்லை என்று வசந்தாவுக்குப் போன் செய்தேன். என் மாப்பிள்ளை, அதாவது வசந்தாவின் கணவர் மணியம், காய்கறி ஏற்றும் லோரியில் வந்து என்னையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டார். லாரியை இங்கே லோரி என்கிறார்கள். முட்டைக்கோசுக் கூடைகளுக்கு நடுவே ஆர்மோனியம் அமைதியானது.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் ஊர் இல்லை. வெறும் மூடுபனி. கொஞ்சம் கொஞ்சமாக எதிரே லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள், பிறகு அவற்றின் பின்னால் பச்சை மேடுகள், வரிவரியாக வாரிவிட்ட தலைமுடி மாதிரி தேயிலை. இவ்வளவு தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு வசந்தா கொண்டுவந்து கொடுத்தது மைலோ, போர்ன்விட்டா மாதிரி ஒன்று. “டீ இல்லையா?” என்றேன். “நாளெல்லாம் அதோட வாசந்தாண்ணே. காலையில மைலோதான்லா” என்றாள். என் தங்கையின் பேச்சில் எப்போது இந்த ‘லா’ ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. போனில் நான் கவனித்ததில்லை.

சரிவில் இரண்டு பேர் ஒரு இயந்திரத்தின் இரு முனைகளைப் பிடித்துச் செடி வரிசையின் இருபுறமும் நடந்தார்கள். மேல் இலைகள் வெட்டுப்பட்டுப் பின்னால் இழுபட்ட பெரிய பையில் போய் விழுந்தன. கையால் கிள்ளுவார்கள் என்று நினைத்து வந்திருந்தேன். மணியம் தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் இருக்கிறார். வேலைக்குக் கிளம்பும்போது, “மச்சான், நாளைக்குச் சனிக்கெழம. ஜேம் இருக்கு. நீங்களும் கலந்துக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த ஊரில் திரும்பிய இடமெல்லாம் ஸ்ட்ராபெரி ஜாம் பாட்டில். ஆகவே மறுநாள் வசந்தா சமையலறையில் இருந்தபோது நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போய், பாட்டில்களை வேண்டுமானால் நான் வெந்நீரில் அலசித் தருகிறேன் என்றேன். அவளுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடமாயிற்று. பிறகு அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

ஜேம் என்பது கூடி வாசிப்பது. பாட்டுப் புத்தகம் கிடையாது, ஒத்திகை கிடையாது, கேட்க வருகிறவர்களும் கிடையாது. தோட்டத்தின் பழைய ஆயாக் கொட்டகையில் நடக்கிறது. ஒருகாலத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். இப்போது பிள்ளைகளை டவுன் நர்சரிக்கு அனுப்புகிறார்கள். தகரக் கூரையும், சுவரில் யாரோ வரைந்த யானையும் மிச்சமிருந்தன.

போகும் வழியில் மணியம் வழக்கங்களைச் சொன்னார். யார் தொடங்குகிறாரோ அன்றைக்கு அவர்தான் பெரியவர். அவர் தலையசைத்தால் உள்ளே வரலாம், முகவாயைத் தூக்கினால் முடிக்க வேண்டும். புதிதாக வந்தவர் ஒரு சுற்று சும்மா உட்கார்ந்து கேட்க வேண்டும். தப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. “மத்தபடி உங்க இஷ்டம் மச்சான். என்ன வேணா வாசிக்கலாம்.”

என்ன வேணா வாசிக்கலாம் என்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். எங்கள் மடத்தில் பாகவதர் பாடுவார், நான் பின்னால் போவேன். அவர் நீட்டினால் நீட்டுவேன். அவர் மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியை நான் நிரப்புவேன். ஒரு கார்த்திகை மாதம் முழுக்க அவருக்கு இருமல். ஒவ்வொரு இருமலையும் நிரப்பினேன். சபையில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. அதுதான் என் பெருமை. பாடுகிறவரை அந்தரத்தில் விடாதவன் என்று பெயர் எனக்கு.

கொட்டகையில் மூன்று பேர் இருந்தார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை கோகிலா, சொல் இல்லாமல் வெறும் குரலால் பாடுகிறவர். தொழிற்சாலையில் வேலை செய்யும் நேபாளத்துக்காரன் தீபக், தன் ஊர் மத்தளத்தோடு. பேச்சு பாதி மலாய், மீதி இந்த லயத்தில் பொறுக்கிய தமிழ். மூன்றாவது ஆள் சுப்ரா. நாற்பது வயதிருக்கும். மடியில் கிட்டார். எல்லோரும் அவனிடம் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துப் பேசினார்கள். அதை அப்போது கவனித்தேன், காரணம் யோசிக்கவில்லை. மணியம் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அதுதான் அவருடைய வாத்தியம். நான் சுப்ராவுக்கு வலப்பக்கம், சற்றுப் பின்னால் இடம் பார்த்துக்கொண்டேன். யார் கண்ணிலும் படாத இடம்.

சுப்ரா தொடங்கினான். நாலு தட்டு வாசித்து, நாலு தட்டு நிறுத்தி, மறுபடி வாசித்தான். மத்தளம் மெல்லச் சேர்ந்தது. பிறகு பெட்டி, பிறகு டீச்சரின் குரல். கூரையில் மழை விழத் தொடங்கியது. ஒரு சுற்று சும்மா இருந்தேன். இரண்டாவது சுற்றில் சுப்ரா திரும்பி எனக்குத் தலையசைத்தான்.

என் விரல்களுக்குத் தெரிந்ததை அவை செய்தன. அவன் வாசித்தபோது நிழல் மாதிரி கூடவே போனேன். அவன் நிறுத்தினான். நான் உருட்டி விரட்டி அந்த இடத்தை நிரப்பினேன். அடுத்த தடவையும் நிறுத்தினான். இன்னும் நன்றாக நிரப்பினேன். இவனுக்கு என்னவோ தடுமாற்றம், நல்ல வேளை நான் இருக்கிறேன் என்றுகூட நினைத்தேன்.

“அண்ணே, கோசோங்” என்றான் தீபக், தாழ்ந்த குரலில்.

வசந்தா வாசலில் பிளாஸ்கோடு நின்று எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசிப்பை நிறுத்தாமலே அவளைப் பார்த்து, “தம்பிக்குச் சீனி இல்லாம ஒண்ணு” என்றேன்.

“கோசோங், கோசோங்!” என்றான் மறுபடியும். இந்த முறை கொஞ்சம் பலமாக.

“வருது தம்பி, வருது” என்றேன்.

வசந்தா சீனியில்லாத டீ போட வீட்டுக்கு ஓடினாள். டீச்சர் பாடுவதை நிறுத்தினார். அதன்பிறகு சுப்ரா இரண்டு சுற்றுக்கு மேல் வாசிக்கவில்லை. முகவாயைத் தூக்காமலே கிட்டாரைப் பைக்குள் வைத்தான். “கடைய மூடணும். வரேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மழையில் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போனான். மோட்டார் என்றால் இங்கே பைக்.

வசந்தா கொண்டுவந்த டீயைத் தீபக் வாங்கி, ஒன்றும் சொல்லாமல் குடித்தான். எனக்கு மட்டும்தான் அன்று மனம் நிறைந்திருந்தது. மணியமும் நானும் வீட்டுக்குத் திரும்பினோம். மழை விட்டிருந்தது.

“நல்லாத்தான் வாசிச்சீங்க மச்சான்” என்று ஆரம்பித்தார். அந்தத் ‘தான்’ எனக்கு உறைத்தது.

“என்ன மாப்பிள்ள?”

“சுப்ராவோட இடது கைய நீங்க பாக்கல.”

பார்க்கவில்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியவில்லை. மற்ற நேரத்தில் கை குளிர்ச்சட்டைப் பையில் இருந்தது. இந்தக் குளிரில் எல்லோருமே அப்படித்தான் நிற்கிறார்கள்.

மணியம் சொன்னார். எட்டு மாதங்களுக்கு முன் காய்கறி லோரியின் பின்கதவு விழுந்து சுப்ராவின் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. ஒட்டவைத்தார்கள், ஆனால் மடங்காது. லோரி ஓட்டுவதை விட்டுவிட்டு, கியா பார்ம் சந்தையில் சாலையோரமாக ஒரு ஒட்டுக்கடை போட்டிருக்கிறான். கிட்டாரில் விரலை ஓரிடத்திலிருந்து எடுத்து அடுத்த இடத்தில் வைக்க அவனுக்கு நேரமாகும். எட்டு மாதமாகக் கூப்பிட்டும் வராதவனை, தீபக்தான் ஒரு வழி சொல்லி வரவழைத்தான்.

“நாலு தட்டு வாசி, நாலு தட்டு உனக்கு வெரல் மாத்த. அந்த நாலுல ஒருத்தரும் ஒன்னும் வாசிக்க மாட்டோம், காலியா விட்டுடறோம்னான். அதுக்குத்தான் கோசோங்குன்னு பேரு வெச்சோம். அவனும் சரின்னு வந்தான். இன்னிக்குத்தான் மொத நாளு.” மணியம் செருப்பிலிருந்த சேற்றைக் கல்லில் தேய்த்தார். “அந்த நாலத்தான் மச்சான் நீங்க ரொப்பிட்டீங்க.”

“எங்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீங்களும் அவன் கையையே பாத்துக்கிட்டு இருப்பீங்க. நீங்க சும்மா ஒரு சுருதி புடிச்சிட்டு இருப்பீங்கன்னு நெனச்சேன்.” பிறகு, சொல்லலாமா என்று யோசித்துச் சொன்னார். “இன்னிக்குச் சரிவரலன்னா கிட்டார ஸ்கூலுக்குக் குடுத்துடறேன்னு டீச்சர்கிட்ட காலையிலேயே சொல்லிட்டானாம்.”

ஊரில் இடைவெளி விட்டால் குற்றம். இங்கே அதை நிரப்பியது குற்றம். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்ததோடு சரி. வசந்தா நெத்திலிச் சம்பல் வைத்திருந்தாள், பிரமாதமான வாசனை. இலைப்பூச்சி ஒன்று விளக்கைச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கியா பார்முக்குப் போகலாம் என்று நானே சொன்னேன். நானாக ஓரிடத்துக்குப் போகலாம் என்று சொன்னது வசந்தாவுக்கு ஆச்சரியம். பிரிஞ்சாங் ஊரைத் தாண்டியதும் காடி நின்றுவிட்டது. காடி என்றால் கார். முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கார்கள். “ஞாயித்துக்கெழம. பயங்கர ஜேம்லா” என்றார் மணியம். இது மூன்றாவது ஜாம். எங்கள் ஊரில் இந்த நெரிசலுக்கு ஹாரன் சத்தத்தில் காது கிழிந்திருக்கும். இங்கே ஒருவர்கூட அடிக்கவில்லை. சன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு ஏதோ தின்றார்கள். பக்கத்துக் காரில் ஒரு மலாய்ச் சிறுமி எதையோ காட்டி அம்மாவிடம் கத்தினாள். மணியம் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: “‘அம்மா, அந்தத் தாத்தா தள்ளுற வண்டி நம்ம காடிய முந்திடுச்சு’ங்குது.”

“நான் நடந்து போறேன்” என்று இறங்கினேன்.

கார்களை ஒவ்வொன்றாகத் தாண்டி மேடேறி நடந்தேன். சரிவு முழுக்கக் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். வழி நெடுக என்ன சொல்வதென்று யோசித்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்லலாம். ஆனால் எதற்கு என்று சொல்லும்போது அவன் விரலைப் பற்றிப் பேச வேண்டிவரும். வேறு மாதிரி சொன்னால் பொய்யாகும். கடை வந்துவிட்டது. ஒரு வாக்கியமும் தயாராகவில்லை.

சுப்ரா என்னைப் பார்த்தான். “வாங்கண்ணே” என்றான். மரியாதையில் குறையில்லை, சிரிப்பு மட்டும் இல்லை. கீரை, சோளம், ஸ்ட்ராபெரிப் பெட்டிகள், ஜாம் பாட்டில்கள். நான் இரண்டு சோளத்தைக் காட்டினேன். பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை முடிச்சுப் போட ஆரம்பித்தான்.

முடிச்சு விழவில்லை. மடங்காத இரண்டு விரல்களும் வழியில் நின்றன. பையின் காது நழுவியது. மறுபடி பிடித்தான். எனக்குப் பின்னால் வாங்க நின்றவர்கள் மூன்று பேர். என் கை தானாக நீண்டது. நான் கட்டித் தருகிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது.

பாதியில் கையை இழுத்து, குளிர்ச்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

இன்னொரு தடவை நழுவியது. பின்னாலிருந்தவர் தொண்டையைக் கனைத்தார். நான் நகரவில்லை. சுப்ரா பையை வயிற்றோடு அணைத்து, நல்ல விரல்களால் ஒரு காதைச் சுற்றி, பல்லால் மறு காதை இழுத்தான். முடிச்சு விழுந்தது. நிமிர்ந்து என் குளிர்ச்சட்டைப் பையையும் அதற்குள் போயிருந்த கையையும் பார்த்தான்.

“நேத்து இந்தக் கைய இப்படிப் பையில வெச்சிருக்கக் கூடாதாண்ணே?” என்றான்.

எனக்கு முகம் சுட்டது. “எனக்குத் தெரியாது தம்பி. கோசோங்குன்னா டீன்னு நெனச்சேன்.”

“என்னது?”

“ரிங்லெட் கடையில அப்படித்தான் சொன்னாங்க. சீனி இல்லாத டீன்னு. தீபக் தம்பி கேட்டதும் வசந்தாவ அனுப்பி வாங்கிக் குடுத்தேன்.”

“அவன் குடிச்சானா?”

“குடிச்சாரு.”

“அவன் டீயில நாலு கரண்டி சீனி போடுறவண்ணே!” சுப்ரா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பின்னாலிருந்த மூவரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கவிழ்த்த கூடை ஒன்றைக் காட்டி என்னை உட்காரச் சொன்னான்.

“எல்லாம் நல்லவங்கதான்” என்றான் பிறகு. “வீட்டுல சட்டைக்குப் பொத்தான் போட்டு விடுறாங்க. கடைக்கு வர்றவன் பைய வாங்கிக் கட்டிக்கிறான். மோட்டார் ஸ்டாண்டக்கூடப் பக்கத்துக் கடைக்காரன் ஓடிவந்து போடுறான். ஒன்னும் சொல்ல முடியாது, அன்பாத்தானே செய்யறாங்க. கிட்டார் ஒன்னுதாண்ணே என் கையில விட்டு வெச்சிருந்தாங்க. நேத்து அதையும் நீங்க வாசிச்சுட்டீங்க.”

சோளப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

பிறகு, “வியாழக்கிழமை ஊருக்குப் போறேன். புதன்கிழமை சாயந்திரம் கூடலாம்னு மாப்பிள்ள சொல்றாரு” என்றேன்.

“கடை இருக்கே.” வானத்தைப் பார்த்தான். “மழ பெஞ்சா ஆளு வராது. பெஞ்சா மூடிட்டு வரேன். இல்லாட்டி இல்ல.”

திங்களும் செவ்வாயும், கோயிலில் கொடுக்கும் முன் ஆர்மோனியத்தைச் சரிசெய்வதில் போயின. இந்த ஈரத்தில் மரம் ஊறிக் கட்டைகள் ஒட்டிக்கொண்டன. கழற்றி, வசந்தாவின் அடுப்பருகே காயவைத்து, ஓரங்களைச் சீவினேன். ரீடுகளில் பயணத் தூசியைத் துடைத்தேன். அருப்புக்கோட்டையில் வெயிலால் வெடிக்கும் வாத்தியம் இங்கே தண்ணீரால் வீங்குகிறது. இரண்டு நாளும் பகல் ஒரு மணிக்கெல்லாம் கொட்டியது மழை. இந்த மலையில் மழைக்குப் பஞ்சமில்லை என்று தைரியமாக இருந்தேன்.

புதன்கிழமை விடிந்தபோது மூடுபனிகூட இல்லை. வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம். வசந்தா கம்பளிகளையெல்லாம் எடுத்துக் கொடியில் போட்டாள். “எவ்வளவு நாளாச்சு இப்படி வெயிலப் பாத்து!” என்றாள். லயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்து மேற்குப் பக்கம் ஒரு மேகமாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஊரில் மழைக்காக இப்படிப் பார்த்திருக்கிறேன், கிணறு வற்றும்போது. கிட்டாருக்காகப் பார்த்தது இதுதான் முதல்.

மூன்றரைக்குக் கொட்டகையில் நாலு பேர் கூடினோம். வெயில் தகரத்தைச் சுட வைத்திருந்தது. யாரும் தொடங்கவில்லை. தீபக் மத்தளத்தின் வாரை இறுக்கினான், தளர்த்தினான், மறுபடி இறுக்கினான். டீச்சர் சுவரின் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தொடங்கலாமா?” என்று மணியம் கேட்டார். ஒருவரும் தலையசைக்கவில்லை.

நாலு மணிக்கு மேட்டில் மோட்டார் சத்தம் கேட்டது.

சுப்ரா தோளில் கிட்டார்ப் பையோடு உள்ளே வந்து செருப்பைக் கழற்றினான். “என்னப்பா, மழ பெஞ்சாத்தானே வருவேன்னு சொன்ன?” என்றார் மணியம்.

“ரிங்லெட்ல பெய்யுதுன்னு ஒரு லோரிக்காரன் சொன்னான். அது போதும்லா” என்றான்.

அவனே தொடங்கினான். நாலு தட்டு வாசிப்பு, நாலு தட்டு காலி. அந்த நாலில் நான் அவன் விரல்களை இந்த முறை பார்த்தேன். எழுந்து, காற்றில் தயங்கி, கம்பியைத் தேடி, உட்கார்ந்தன. தீபக்கின் கை மத்தளத்துக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது. டீச்சர் மூச்சைப் பிடித்திருந்தார். வெளியே கொடியில் கம்பளி அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு கிட்டார், அதோடு எல்லோரும். சும்மா இருப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். அந்த நாலு தட்டுக்குள் என் விரல்கள் பத்துத் தடவை ஓடப் பார்த்தன. வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். சுப்ரா பார்த்துவிட்டுச் சிரித்தான்.

மூன்றாவது சுற்றில் எனக்குத் தலையசைத்தான். கையை எடுத்துச் சுருதி மட்டும் பிடித்தேன். காலி வந்தபோது துருத்தியை விட்டேன். வந்தேன், விட்டேன். அப்படியே எவ்வளவு நேரம் போயிற்றென்று தெரியாது.

திடீரென்று அவன் கிட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்தினான். மற்றவர்களும் நின்றார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் முகவாய் தூக்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். “அண்ணே, நீங்க.”

“யார் பின்னால?” என்று கேட்டுவிட்டேன்.

“யார் பின்னாலயும் இல்ல. நீங்க மட்டும்.”

பின்னால் போக ஒரு குரலும் இல்லாமல் நான் வாசித்ததே கிடையாது. ஒரு கட்டையை அழுத்தினேன். அதிலிருந்து அடுத்தது. மூன்றாவதில் வழி தெரியாமல் நின்றுவிட்டேன். யாராவது ஒரு தட்டுத் தட்டினால் தப்பித்துக்கொள்ளலாம். தீபக்கைப் பார்த்தேன், அவன் பல்லைக் காட்டி, “கோசோங்” என்றான். மணியம் பெட்டியைத் தொடவில்லை. டீச்சர் கண்ணை மூடியிருந்தார். எங்கோ ஒரு லயத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை, யாரும் எனக்காக எடுத்துக்கொடுக்கவும் இல்லை. வியர்த்தது. பிறகு அந்த நான்காவது சுரம் எது என்று எனக்கே தெரிந்தது. வாசித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஏழெட்டுச் சுரம் இருக்கும். ஊருக்குத் திரும்பி எவ்வளவு தேடியும் அது மறுபடி கைக்கு வரவில்லை. சுப்ரா தன் நாலு தட்டோடு வந்து சேர்ந்துகொண்டான்.

வசந்தா பிளாஸ்கோடு வந்தாள். ஐந்து டம்ளர்களில் ஊற்றி, ஆறாவதைத் தனியாகக் கொண்டுவந்த போத்தலிலிருந்து ஊற்றினாள். “தம்பி, உனக்குச் சீனி போடாதது. மறக்கல பாத்தியா?” என்று தீபக்கிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அவன் முகத்தைப் பார்த்த சுப்ராவுக்குப் புரையேறிவிட்டது. நான் எழுந்து போய் என் டம்ளரைத் தீபக் கையில் கொடுத்து, அவனுடையதை எடுத்துக்கொண்டேன். “ஏண்ணே, உனக்கும் சீனி வியாதியா?” என்று பதறினாள் வசந்தா. சுப்ரா கதையைச் சொல்லச் சொல்ல டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அப்ப கிட்டார் ஸ்கூலுக்கு இல்லையா?” என்று டீச்சர் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ஒங்க ஸ்கூல்ல இதப் பிடிக்கத் தெரிஞ்சவன் எவன் இருக்கான் டீச்சர்?” என்றான்.

அவன் செருப்பை மாட்டும்போது கூரையில் முதல் சொட்டு விழுந்தது. அடுத்த நிமிடம் கொட்டியது. வசந்தா கம்பளிகளை நினைத்துக் கத்திக்கொண்டு ஓடினாள். “பாத்தீங்களா, சொன்ன வாக்கு! மழ பெய்யுது, நான் வந்திருக்கேன்” என்றான் சுப்ரா. தோளிலிருந்த கிட்டார்ப் பையை இறக்கி, சுவரின் யானைக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினான். முதல் தடவை நழுவியது. இரண்டாவதில் நின்றது. வெறும் தோளோடு மழைக்குள் இறங்கி மோட்டாரைக் கிளப்பினான்.

மழையில் நனையக் கூடாதென்று விட்டுப் போகிறானா, சனிக்கிழமை வருவதற்காக விட்டுப் போகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.